உசிலம்பட்டி முதல் மேலூர் வரை: வீட்டுத் தின்பண்டத் தொழில் செய்பவர்கள் கூட்டுச் சேர்ந்து திறன் வளர்க்க ஒரு முழு வழிகாட்டி

முறுக்கு, இட்லிப்பொடி, வத்தல், அப்பளம், செக்கு எண்ணெய் என்று மதுரை மாவட்டத்தில் ஊருக்குள் இருந்தபடியே தொழில் செய்பவர்களுக்கான வழிகாட்டி இது. இவர்களிடம் கைப்பக்குவத்துக்குக் குறைவில்லை. சரக்கு வாங்கும் விலை, கவர், லேபிள், பெரிய ஆர்டர், வராத பணம், இவற்றில்தான் தடுக்கிறது. இதில் ஒவ்வொன்றுக்கும் விடை பக்கத்து ஊரில் அதே தொழில் செய்யும் யாரோ ஒருவரிடம் ஏற்கெனவே இருக்கும். அவரைத் தெரியாது என்பதுதான் சிக்கல்.

கூட்டு என்று பேச்சு எடுத்ததுமே பெயர் வைப்பார்கள், தலைவர், செயலாளர், பொருளாளர் போடுவார்கள், லெட்டர்பேடு அடிப்பார்கள், வாட்ஸ்அப் குழு தொடங்குவார்கள். மூன்றாம் மாதம் அந்தக் குழுவில் காலை வணக்கம் மட்டும் மிஞ்சும். வரிசை தலைகீழாகப் போனதே காரணம். முதலில் காசு மிச்சமாக வேண்டும், அடுத்து கைவேலை கைமாற வேண்டும், அதன்பிறகு ஆர்டர். பெயரும் பதிவும் கடைசியில் வந்தால் போதும்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

கடந்த மூன்று மாதக் கொள்முதல் பில்கள். பில் இல்லாமல் வாங்கியிருந்தால் நோட்டில் எழுதிய கணக்கு. இது இல்லாமல் வருபவரை முதல் கூட்டத்துக்கு அழைக்காதீர்கள். வாய்க்கணக்கில் எல்லோருமே குறைந்த விலைக்குத்தான் வாங்கியிருப்பார்கள்.

உணவுப் பாதுகாப்புத் துறையின் எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவு, 14 இலக்க எண்ணுடன். மத்திய அரசின் உத்யம் பதிவு, அதாவது குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான பதிவு. இது முழுக்க இலவசம், ஆதார் எண்ணும் பான் எண்ணும் இருந்தால் இணையத்தில் நாமே செய்துகொள்ளலாம். இதற்கு ஆயிரக்கணக்கில் கேட்கும் இடைத்தரகர்கள் இருக்கிறார்கள், ஏமாற வேண்டாம். உத்யம் ஏன் முதலிலேயே என்பதை 7-ஆம் பகுதியில் பாருங்கள்.

முத்திரையிட்ட எலக்ட்ரானிக் தராசு. ஆண்டுக்கு ஒருமுறை முத்திரை புதுப்பிக்க வேண்டும். ஆளாளுக்கு ஒரு தராசு, ஒவ்வொன்றும் ஐந்து கிராம் முன்னே பின்னே காட்டினால், கூட்டு ஆர்டரில் முதல் சண்டை அங்கேதான் வரும்.

தொடங்கும் மாதமும் முக்கியம். புரட்டாசி, ஐப்பசியில் தீபாவளி ஆர்டரில் யாருக்கும் தலைநிமிர நேரமிருக்காது. மாசியில் தொடங்கலாம், இல்லையென்றால் ஆடியில். ஆடியில் முகூர்த்தம் இல்லை, அடுப்புக்குக் கொஞ்சம் ஓய்வு, பேசவும் மனம் இருக்கும்.

2. யாரைச் சேர்ப்பது

ஆறிலிருந்து எட்டுப் பேர். நாலு பேருக்குக் குறைந்தால் மொத்த விலை கிடைக்காது. பத்தைத் தாண்டினால் பாதிப்பேர் வேடிக்கை பார்ப்பார்கள்.

வாங்கும் பொருள் ஒன்றாக இருக்க வேண்டும், விற்கும் இடம் வேறாக இருக்க வேண்டும். சேடபட்டியில் முறுக்கு போடுபவரும் டி.கல்லுப்பட்டியில் மிக்சர் போடுபவரும் வாங்குவது ஒரே எண்ணெய், ஒரே கடலைமாவு, ஒரே மாதிரிக் கவர். ஆனால் ஒருவர் கடையை மற்றவர் பறிக்கப் போவதில்லை. ஒரே தெருவில் ஒரே சீடையை விற்கும் இருவரை முதல் வட்டத்தில், அதாவது தொடங்கும் குழுவில், சேர்த்தால் இருவருமே வாய் திறக்க மாட்டார்கள்.

தூரம் பேருந்தில் ஒரு மணி நேரத்துக்குள் இருக்கட்டும். கொட்டாம்பட்டியில் இருப்பவரும் எழுமலையில் இருப்பவரும் போனில் நன்றாகத்தான் பழகுவார்கள், ஆனால் ஒருவர் அடுப்படியை மற்றவர் வந்து பார்க்க முடியாது. பார்க்காமல் கைவேலை கைமாறாது.

கணக்கு எழுதத் தெரிந்தவர் ஒருவர், இணையத்தில் விண்ணப்பம் போடத் தெரிந்தவர் ஒருவர், வண்டி வைத்திருப்பவர் ஒருவர் உள்ளே இருக்கும்படி பாருங்கள். உங்களுக்குச் சரக்கு கொடுக்கும் மொத்தக் கடைக்காரரை, எவ்வளவு நல்லவராக இருந்தாலும், உறுப்பினராக்காதீர்கள். விலைப்பட்டியலை அவர் முன்னால் வைத்து எப்படிப் பேசுவது?

3. முதல் கூட்டம்: பேச்சு வேண்டாம், பில்லைக் கொண்டு வரச் சொல்லுங்கள்

சந்தை நாளையும் முகூர்த்த நாளையும் தவிர்த்து, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு மணி நேரம். யாராவது ஒருவர் வீட்டுத் திண்ணையே போதும். ஒரு சார்ட் தாளில் ஐந்து கட்டம் போடுங்கள்: பொருள், தரம், அளவு, விலை, கடன் நாள். ஒவ்வொருவராகத் தம் பில்லைப் பார்த்துச் சொல்ல, ஒருவர் எழுத வேண்டும்.

இங்கே அவசரப்படாதீர்கள். ஒரே பெயரில் இரண்டு வேறு பொருள்கள் இருக்கும். உளுந்து என்று ஒருவர் சொல்வது முழு உளுந்து, இன்னொருவர் சொல்வது தோல் நீக்கிய உடைத்த உளுந்து. எண்ணெய் டின்னில் இது இன்னும் மோசம். 15 லிட்டர் டின்னும் உண்டு, 15 கிலோ டின்னும் உண்டு. சமையல் எண்ணெய் ஒரு லிட்டர் ஏறத்தாழ 910 கிராம்தான் எடை நிற்கும். ஆகவே 15 லிட்டர் டின்னில் இருப்பது 13.65 கிலோ. எடுத்துக்காட்டாக, லிட்டர் டின் 2,100 ரூபாய், கிலோ டின் 2,250 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். பார்த்தால் முதலாவது மலிவு. கணக்குப் போட்டால் அது கிலோ 153 ரூபாய் 85 காசு, இரண்டாவது 150 ரூபாய். “எனக்கு 150 ரூவா கம்மியாத்தான தர்றாரு அண்ணாச்சி” என்று பெருமையாகச் சொன்னவர்தான் கூடுதலாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். எல்லாவற்றையும் கிலோவுக்கு மாற்றி எழுதியபிறகே ஒப்பிடுங்கள்.

கடன் நாளைத் தனிக் கட்டத்தில் எழுதச் சொன்னதற்குக் காரணம் உண்டு. ரொக்கத்துக்கு வாங்குபவரின் விலையும் ஒரு மாதக் கடனுக்கு வாங்குபவரின் விலையும் ஒன்றாக இருக்க முடியாது. வித்தியாசத்தைப் பார்த்ததும், தான் மறைமுகமாக எவ்வளவு வட்டி கட்டுகிறோம் என்று பலருக்கு அன்றைக்குத்தான் உறைக்கும்.

கூட்டம் முடியும்போது எல்லோருக்கும் பொதுவாக வலிக்கும் ஒரு பொருளை மட்டும் தேர்ந்தெடுங்கள்.

4. முதல் கூட்டுக் கொள்முதல்

அந்த ஒரு பொருள் கெட்டுப்போகாத பொருளாக இருக்கட்டும். கவர்தான் தோதானது. எண்ணெயிலோ பருப்பிலோ தொடங்கினால் தரத்தில் சிறு குறை வந்தாலும் கூட்டே உடையும். கவர் நாள்பட இருந்தாலும் ஒன்றும் ஆகாது.

கவரில் புதியவர்கள் முதலில் ஆசைப்படுவது பெயர் அச்சடித்த பளபளப்பான பாக்கெட். அப்படிப்பட்ட பாக்கெட்டை அச்சடிக்கும் கிராவியூர் முறையில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு சிலிண்டர் செய்ய வேண்டும். அந்தச் செலவு பரவ வேண்டும் என்பதால் நூற்றுக்கணக்கான கிலோவுக்குக் குறைந்து ஆர்டர் எடுக்க மாட்டார்கள். எழுத்துப்பிழையோ விலாசமோ மாறினால் மூட்டை மூட்டையாகக் குப்பை. மாறாக, எட்டுப் பேரும் ஒரே அளவில் அச்சில்லாத, உள்ளே வெள்ளி மினுக்குள்ள நிற்கும் கவரை மொத்தமாக வாங்கி, அவரவர் ஸ்டிக்கர் லேபிளை ஒட்டிக்கொள்ளலாம். வெள்ளிப் படலம் வெளிச்சத்தையும் காற்றையும் தடுப்பதால் எண்ணெய்ப் பலகாரம் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்காது.

பணம் முன்கூட்டியே. கடன் சொல்பவருக்குப் பங்கு இல்லை என்பதை முதல் தடவையே கறாராக வையுங்கள். உறவுக்காரர்கள் இருந்தால் இது கஷ்டம்தான், ஆனால் இரண்டாம் தடவை தளர்த்த முடியும், இறுக்க முடியாது.

பலரும் தவறவிடும் இடம் பில். ஒருவர் பெயரில் மொத்தமாக வாங்கி மற்றவர்களிடம் ஜிபே-யில் வசூலித்தால், அவர் வங்கிக் கணக்கில் தன் தொழிலுக்குச் சம்பந்தமில்லாத வரவு குவியும். கணக்குக் கேட்கும்போது விளக்கம் சொல்ல வேண்டியவர் அவர். அதனால் கடைக்காரரிடம் இப்படிப் பேசுங்கள்: “அண்ணாச்சி, ரேட்டு மொத்தச் சரக்குக்குப் போடுங்க, பில்லு எட்டுப் பேருக்கும் தனித்தனியாக் குடுங்க.” மதுரை கீழமாசி வீதிப் பக்கம் மளிகை மொத்தக் கடைகளில் ஒரே நாளில் ரொக்கம் வந்து சேரும் என்றால் இதற்கு ஒத்துக்கொள்வார்கள்.

பணம் கட்டுபவரும் சரக்கை எண்ணி இறக்குபவரும் வேறு வேறு ஆளாக இருக்கட்டும். சந்தேகப்பட்டு அல்ல, ஒரே ஆள் செய்தால் குறை வரும்போது அவர்மேல் பழி விழும் என்பதால். வண்டிச் செலவை எடைப்படி பிரியுங்கள், தலைக்குச் சமமாகப் பிரித்தால் சிறியவர் அடுத்த முறை வரமாட்டார்.

5. கைவேலையைக் கைமாற்றுவது

இரண்டு கொள்முதல் ஒழுங்காக நடந்தபிறகு இதைத் தொடங்குங்கள். இந்த வட்டத்தின் உண்மையான பலன் இங்கேதான் இருக்கிறது. காசு விவகாரம் சுத்தமாக முடிந்தால்தான் ஒருவர் தம் அடுப்படிக்குள் மற்றவரை விடுவார்.

மாதம் ஒருமுறை, ஒருவர் இடத்தில், அரை நாள், ஒரே ஒரு விஷயம். எதைப் பொதுவில் வைப்பது, எதை வைக்க வேண்டாம் என்பதை முதலிலேயே பேசி முடியுங்கள். மசாலா விகிதம் வீட்டு ரகசியம், அதை யாரும் கேட்கக் கூடாது. சீல் சூடு, எண்ணெய் மாற்றும் கணக்கு, ஆறவைக்கும் நேரம், லேபிள் எழுதும் முறை எல்லாம் பொது.

முதல் சந்திப்புக்குச் சீல் போடுவதை வையுங்கள். எல்லோரிடமும் சீலிங் மெஷின் இருக்கும், திரும்பி வரும் பாக்கெட்டும் இருக்கும். ஒவ்வொருவரும் தம் மெஷினையோ, தாம் சீல் போட்ட பத்து பாக்கெட்டையோ கொண்டு வரட்டும். ஒரு வாளித் தண்ணீரில் பாக்கெட்டை முக்கி, கையால் மெல்ல அமுக்குங்கள். குமிழி வந்தால் கசிவு. எந்த இடத்தில் வருகிறது என்று பாருங்கள்.

சீல் நெடுகப் பிரிந்து வந்தால் சூடு போதவில்லை. ஓரம் சுருங்கிப் பொரிந்திருந்தால் சூடு அதிகம். ஒரே புள்ளியில் மட்டும் குமிழி வந்தால் சூட்டைத் தொடவே வேண்டாம், அந்த இடத்தில் பொடியோ எண்ணெயோ ஒட்டியிருக்கிறது. இட்லிப்பொடி போடுபவர்களுக்கு இது தீராத தலைவலி. கவரின் வாயை உள்ளங்கை அகலம் வெளிப்பக்கம் மடித்து வைத்துக்கொண்டு நிரப்பி, பிறகு நிமிர்த்திச் சீல் போட்டால் வாயில் தூள் படாது. மெஷினைக் குறை சொல்லி மாற்றப் போகிறவர் இந்த மடிப்பைப் பார்த்தாலே பாதிப் பணம் மிச்சம்.

அடுத்த சந்திப்பு நமுத்துப் போவது பற்றி. முறுக்கைச் சூட்டோடு அடைத்தால் ஆவி உள்ளேயே தண்ணீராகி நமுக்கும். சரி, ஆறட்டும் என்று கார்த்திகை மழைக்காலத்தில் இரவெல்லாம் தட்டில் திறந்து வைத்தால், காற்றின் ஈரத்தை இழுத்து அதுவும் நமுக்கும். கை பொறுக்கும் சூடும் போய் நன்றாக ஆறியவுடன், தாமதிக்காமல் அடைக்க வேண்டும். மழைக்காலத்தில் ஈடுகளைச் சின்னதாகப் போடுவது உத்தமம்.

எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சுவது இன்னொரு தலைப்பு. பொரித்த எண்ணெயில் மொத்தத் துருவச் சேர்மங்கள் (எண்ணெய் திரும்பத் திரும்பக் காயும்போது அதில் சேரும் கெட்ட பொருள்கள்) 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது 2018 ஜூலை முதல் இருக்கும் விதி. இதை அளக்கும் கையடக்கக் கருவி விலை கூடுதல், தனி ஆளுக்குக் கட்டாது. எட்டுப் பேருக்குப் பொதுவாக ஒன்று வாங்கிச் சுற்றில் விடலாம். கருவி வரும் வரைக்கும் நுரை அடங்காமல் பொங்குவது, நிறம் கறுப்பது, சீக்கிரம் புகைவது ஆகியவற்றைப் பார்த்து மாற்றுங்கள்.

ஒவ்வொரு ஈட்டிலிருந்தும் நாலு பாக்கெட்டை எடுத்துத் தேதி எழுதி வைக்கச் சொல்லுங்கள். 7, 15, 30, 45-ஆம் நாள்களில் ஒன்றொன்றாகத் திறந்து மொறுமொறுப்பு, வாடை, சுவை மூன்றையும் நோட்டில் குறிக்க வேண்டும். முடிந்தால் செய்தவர் அல்லாத இன்னொருவர் ருசி பார்க்கட்டும், தன் பண்டம் கெட்டது தன் நாக்குக்குத் தெரியாது. ‘இத்தனை நாளுக்குள் பயன்படுத்தவும்’ என்று லேபிளில் போடும் எண் இந்த நோட்டிலிருந்து வர வேண்டும். பக்கத்துக் கடையின் பிரபல பாக்கெட்டைப் பார்த்துப் போடக் கூடாது, அவர்கள் நைட்ரஜன் நிரப்பியிருப்பார்கள்.

சந்திப்பு முடிந்ததும் கற்றதை ஒரே பக்கத்தில் எழுதி, அடுப்படிச் சுவரில் ஒட்டும் அளவுக்குப் பெரிதாக ஜெராக்ஸ் போட்டுக் கொடுங்கள். வேலைக்கு வரும் பெண்கள் அதைப் பார்த்துச் செய்ய முடிந்தால்தான் அது கற்றதாகக் கணக்கு.

6. வெளியில் இருக்கும் அறிவை உள்ளே கொண்டுவருவது

வட்டத்துக்குள் விடை இல்லாத கேள்விகளை ஒரு தாளில் சேர்த்து வையுங்கள். ஐந்தாறு சேர்ந்ததும் வெளியே போகலாம். தனி ஆளாகப் போய் “ஏதாவது பயிற்சி இருக்கா சார்?” என்று கேட்டால் “வந்தா சொல்றோம்மா” என்பதே பதில். எட்டுப் பேர், பொருளோடும் எழுதிய கேள்வியோடும் போனால் பேச்சு மாறும்.

ஒத்தக்கடையில் உள்ள வேளாண் கல்லூரி வளாகத்தில் சமுதாய அறிவியல் கல்லூரியும் இருக்கிறது. உணவு பதப்படுத்துதல், பேக்கிங், சத்து அட்டவணை சார்ந்த கேள்விகளை அங்கே கொண்டுபோங்கள். அதே வளாகத்தில் நபார்டு ஆதரவில் தொடங்கிய வேளாண் தொழில் ஊக்குவிப்பு மையமும் உண்டு. கொஞ்சம் தூரம் போகலாம் என்றால் தஞ்சாவூரில் தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனம். கடன், மானியம் பற்றி மாவட்டத் தொழில் மையம். சுய உதவிக் குழுவில் இருப்பவர்கள் மகளிர் திட்ட அலுவலகத்தை முதலில் பாருங்கள். சிறுதொழில் சங்கமான மடீட்சியாவின் கண்காட்சிகளுக்கு விற்கப் போகாவிட்டாலும் மெஷின் பார்க்கப் போய் வாருங்கள். மெஷினை ஓட்டிக் காட்டச் சொல்லி, உங்கள் மாவைப் போட்டுப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

ஒரு விதி வையுங்கள்: வட்டத்தின் சார்பில் பயிற்சிக்குப் போனவர் ஒரு வாரத்துக்குள் மற்றவர்களுக்குச் செய்து காட்ட வேண்டும். சான்றிதழை மாட்டிவைத்துவிட்டு மறந்துபோகும் பழக்கம் இதில்தான் நிற்கும்.

7. கூட்டு ஆர்டர் எடுப்பது

இதற்குமுன் 5-ஆம் பகுதியை முடித்திருக்க வேண்டும். சீலும் எடையும் ஒரே மாதிரி வராத நிலையில் பெரிய கடையிடம் போனால், மாதிரியாகக் காட்டியது ஒன்று, அனுப்பியது இன்னொன்று என்றாகி, கதவு ஒரேயடியாகச் சாத்தப்படும்.

முதல் ஆர்டரை உங்கள் மொத்தக் கொள்ளளவில் பாதிக்குமேல் ஒப்புக்கொள்ளாதீர்கள். மழை, கரண்ட் கட், வீட்டில் ஒரு விசேஷம் என்று இரண்டு பேர் விலகினாலும் மீதிப்பேர் முடித்துக் கொடுக்க இடம் வேண்டும். சரக்கு எல்லாம் ஓரிடத்தில் சேர்ந்து, ஒரே தராசில் எடை பார்த்து, பத்துக்கு ஒரு பாக்கெட் வாளியில் முக்கிப் பார்த்தபிறகே வண்டி ஏற வேண்டும். யாருடைய பாக்கெட் என்று தெரிய, ஈட்டு எண்ணுக்கு (பேட்ச் நம்பர்) முன்னால் ஆளுக்கொரு எழுத்தைக் கொடுத்துவிடுங்கள்.

லேபிளில் செய்தவர் பெயரும் விலாசமும், எஃப்எஸ்எஸ்ஏஐ எண், சேர்மானங்கள், நிகர எடை, அதிகபட்ச விலை, அலகு விலை (ஒரு கிராமுக்கோ கிலோவுக்கோ எவ்வளவு என்பது), செய்த தேதி, ஈட்டு எண், சைவக் குறி, புகார் தொலைபேசி எண் எல்லாம் வேண்டும். ஒருவரின் எஃப்எஸ்எஸ்ஏஐ எண்ணை எட்டுப் பேரும் போட்டுக்கொள்வதுதான் நாம் அடிக்கடி பார்க்கும் தவறு. ஒருவர் பாக்கெட்டில் குறை வந்தால் எண்ணுக்குரியவர் மாட்டிக்கொள்வார். பொதுப் பெயரில் விற்றாலும் செய்தவரின் எண் லேபிளில் இருந்தே ஆக வேண்டும்.

கேரளாவுக்கோ பெங்களூருவுக்கோ ஆர்டர் வந்தால் நிதானியுங்கள். வரிக்குட்பட்ட பொருளை வெளிமாநிலத்துக்கு விற்றால், தொகை சிறிதாக இருந்தாலும் ஜிஎஸ்டி பதிவு தேவை. அப்பளத்துக்கு வரி இல்லை, முறுக்குக்கும் மிக்சருக்கும் உண்டு. ஒரே பெட்டியில் இரண்டையும் போட்டு அனுப்பும் முன் ஓர் ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள். எட்டுப் பேருக்கு ஒரே ஆடிட்டர் என்றால் கட்டணத்தையும் பேசிக் குறைக்கலாம்.

இனிப் பணம். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் குறு, சிறு உற்பத்தியாளருக்கு 45 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும். எழுத்தில் ஒன்றும் இல்லையென்றால் 15 நாள். தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கு கூட்டு வட்டி. இந்தப் பாதுகாப்பைக் கேட்கச் சரக்கு அனுப்பும் முன்னரே உத்யம் பதிவு இருக்க வேண்டும். பணம் நின்றபிறகு பதிவு செய்துகொண்டு ஓடினால் பழைய பில்லுக்கு உதவாது. ஒவ்வொரு பில்லிலும் உத்யம் எண்ணை அச்சடித்துவிடுங்கள், கேட்காமலேயே பாதிப்பேர் நேரத்துக்குக் கொடுப்பார்கள். உறுப்பினர்கள் தனித்தனியே பில் போட்டிருந்தால் புகாரும் தனித்தனியே போகும், அதனால் டெலிவரி சலானில் கடையின் முத்திரையும் தேதியும் வாங்கிவைப்பதை யாரும் விடக் கூடாது.

8. வாட்ஸ்அப் குழு

இரண்டு குழு. ஒன்றில் விலை, ஆர்டர், தேதி மட்டும். மற்றதில் வாழ்த்து, கோயில் கொடை, பிள்ளைகள் மார்க்கு, என்ன வேண்டுமானாலும். முதலாவதில் குரல் பதிவு வேண்டாம், எழுத்தில் இருக்கட்டும். பின்னால் தேடி எடுக்க வேண்டிவரும்.

9. பெயரும் பதிவும்

மூன்று கூட்டுக் கொள்முதலும் ஓர் ஆர்டரும் சண்டையில்லாமல் முடிந்தபிறகு இதைப் பேசலாம். என்ன வடிவம் என்பது எதற்குத் தேவை என்பதைப் பொறுத்தது. பயிற்சி, கண்காட்சி, அலுவலகங்களில் பேச ஒரு பெயர் வேண்டும் என்றால் 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் போதும். ஆனால் சங்கம் லாபத்தைப் பங்கு பிரிக்க முடியாது. பொதுப் பெயரில் வாங்கி விற்று லாபம் பிரிக்க வேண்டும் என்றால் கூட்டாண்மையோ உற்பத்தியாளர் நிறுவனமோ. உற்பத்தியாளர் நிறுவனத்துக்குக் குறைந்தது பத்துப் பேர் வேண்டும், உறுப்பினர்கள் விவசாயி, நெசவாளி, கைவினைஞர் போன்ற முதல்நிலை உற்பத்தியாளராக இருக்க வேண்டும், ஆண்டுதோறும் தணிக்கை, தாக்கல் செலவும் உண்டு. வரவு இல்லாத ஆண்டிலும் அந்தச் செலவு நிற்காது. மானியம் கிடைக்கும் என்று யாரோ சொன்னதற்காக நிறுவனம் தொடங்கி, ஆடிட்டருக்குக் கட்டமுடியாமல் கைவிட்டவர்கள் நம் பக்கத்திலேயே இருக்கிறார்கள்.

வங்கிக் கணக்கை இருவர் கையெழுத்தில் தொடங்குங்கள், இருவரும் ஒரே குடும்பமாக இருக்க வேண்டாம்.

விலகுபவருக்கான விதியை யாரும் விலக நினைக்காத நாளிலேயே எழுதிவிடுங்கள். பொதுவில் வாங்கிய கருவியில் அவர் பங்குக்கு என்ன தருவது, முன்பணம் எத்தனை நாளில் திரும்பும், அவர் கையில் இருக்கும் கவரை யார் எடுத்துக்கொள்வது என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். கருவியின் மதிப்பை ஆண்டுக்கு இத்தனை பங்கு குறையும் என்று எண்ணாகவே எழுதுங்கள், ‘பேசித் தீர்த்துக்கொள்ளலாம்’ என்று விட்டால் பேச்சு வார்த்தை பஞ்சாயத்துக்குத்தான் போகும்.